செம்பைப் பார்த்தார்கள், திண்ணையைப் பார்க்கவில்லை

விமான நிலையத்தில் ராத்திரி முழுக்க வசதியாகவும் பத்திரமாகவும் தூங்குவது எப்படி என்ற யோசனைப் பட்டியல் இந்த வாரம் மறுபடியும் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கழுத்துக்குக் காற்றுத் தலையணை, கண்ணுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, பைக்குப் பூட்டு, பூட்டுக்குச் சங்கிலி. இத்தனையையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தூங்கப்போகிறவர் மாதிரித் தெரிய மாட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகக் காத்திருப்பவர் மாதிரித்தான் தெரிவார். போகட்டும், இதைத் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலைக்காரர்களுக்கே அனுப்பிவைப்பதுதான் பொறுக்கவில்லை. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் 170 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை மூன்று மணிக்கு விமானம் என்றால், செஞ்சியில் டயர் பஞ்சராகும், திண்டிவனத்தில் நெரிசல், செங்கல்பட்டில் இன்னும் நெரிசல் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மணி நேரம் தண்டம் எழுதி, முந்தின நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிடுகிற ஜனம். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் வாசலில் நின்று டிக்கெட்டை நீட்டுவார்கள். அவர்களுக்கு இதில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. பத்திரமாகத் தூங்க ஒரே ஒரு வழிதான் உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் குற்றத்தைத் தூங்குகிறவன் தலையில் கட்டுகிறார்கள்: அவன் சரியான தலையணை கொண்டுவரவில்லையாம். குற்றம் நாற்காலியுடையது, இன்னும் சரியாகச் சொன்னால், நாற்காலிக்கு நாற்காலி நட்டுவைத்திருக்கும் கைப்பிடியுடையது. சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958-ல் நமது அரசு அழைத்ததன்பேரில் இங்கே வந்து சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். ஆமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்ததற்கு அதுதான் வித்து. அந்த அறிக்கையில் அவர்கள் உருகி உருகிப் பாராட்டியது செம்பை. இடுப்பில் எப்படி உட்காருகிறது, தலையில் எப்படி நிற்கிறது, எப்படித் தண்ணீரைச் சரிக்கிறது என்று ஒரு செம்புக்குள் அத்தனை அறிவைக் கண்டார்கள். சந்தோஷம். நாலே வருஷத்தில், 1962-ல், சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்துக்கு வரிசை நாற்காலி செய்து கொடுத்தார்கள்: அலுமினியச் சட்டம், கறுப்பு இருக்கை, நடுநடுவே கைப்பிடி. இன்றைக்கு உலகம் முழுக்கக் காத்திருப்புக் கூடங்களில் இருப்பவை பெரும்பாலும் அதன் பிள்ளைகுட்டிகள். செம்பைப் பார்த்தவர்கள், அந்தச் செம்பு வைத்திருந்த திண்ணையைப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

திண்ணையில் கைப்பிடி கிடையாது. சில வீடுகளில் ஒரு கோடியில் சிமெண்டாலேயே தலைக்குச் சாய்மானம் எழுப்பியிருப்பார்கள். அதாவது, யாரென்றே தெரியாத வழிப்போக்கன் ஒருவன் வருவான், படுப்பான், அவனுக்கும் தலை என்று ஒன்று இருக்கும் என்பதுவரை யோசித்துக் கட்டியது. விமான நிலைய நாற்காலியும் அதே வழிப்போக்கனை யோசித்துத்தான் செய்தது. அவன் படுத்துவிடக் கூடாதே என்று. கைப்பிடி கைக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் வெள்ளந்திகள். இரண்டு பேருக்கு நடுவில் ஒரே ஒரு கைப்பிடி, முழங்கை இரண்டு. அது இருவருக்கும் உதவாது, சண்டைக்கு மட்டும் உதவும். படுக்க முயன்றால் ஒன்று விலாவில் இடிக்கும், அடுத்தது தொடையில், மூன்றாவது முட்டிக்கு அடியில். கைப்பிடிக்குக் கீழே நுழைந்து படுக்கிறவர்களும் உண்டு. கிரிவலப் பாதையில் குபேரலிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். ஒருக்களித்து ஊர்ந்து மறுபக்கம் வந்தால் முதுகுவலி போகும் என்பார்கள். இங்கேயும் அதே ஒருக்களிப்பு, அதே ஊர்தல். ஆனால் மறுபக்கம் கிடையாது, விடிய விடிய இடுக்குதான், முதுகுவலியும் போகாது, வரும். பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் 1988 முதல் 2006 வரை வாழ்ந்தாரே மெஹ்ரான் கரிமி நாசெரி என்ற ஈரானியர், அவர் 18 வருஷம் தாக்குப்பிடித்ததற்குப் பொறுமை, வைராக்கியம் என்று ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். அவர் படுத்தது ஒரு சிவப்பு பெஞ்சில். பெஞ்ச்! தனித்தனிக் கைப்பிடி நாற்காலி என்றால் 18 நாளில் சொந்த ஊருக்கே நடந்து போயிருப்பார்.

கைப்பிடியை எடுத்தால் ஒருவனே மூன்று இடத்தைப் பிடித்துக்கொள்வான் என்பார்கள். பிடிப்பான்தான். நம் ஊர் பஸ் நிலையத்து சிமெண்டு மேடையில் அதற்கு எப்போதோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது: இடம் இருந்தால் நீட்டு, ஆள் வந்தால் மடக்கு. "கொஞ்சம் காலை மடக்குங்கண்ணே" என்ற ஒரு வாக்கியம் செய்கிற வேலையைத்தான் அலுமினியம் செய்யப் பார்க்கிறது. விமான நிலையம் தூங்கும் இடமல்ல என்பது அடுத்த ஆட்சேபம். அப்படியானால் வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வா என்று சொல்லாதீர்கள். சிங்கப்பூரில் சாங்கி நிலையத்தார் சாய்ந்து தூங்கவே தனியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் அங்கே விமானம் ஏதும் நின்றுவிடவில்லை. பாதுகாப்பைப் பற்றியோ, சென்னை நிலையத்தில் கண்ணாடி எத்தனையாவது தடவை விழுந்தது என்று பத்திரிகைகள் எண்ணி எண்ணிப் போட்ட காலத்தை மறந்தவர்கள் மட்டும் பேசலாம்.

திருட்டு? இதற்கு அண்ணாமலைப் பக்கமே நல்ல சாட்சி இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 31 ராத்திரி, காலை ரயிலுக்காகத் திருக்கோவிலூர் ரயில் நிலையத்தில் தங்கினான் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன். கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, டிக்கெட்டுக்குப் பணம் தேற்றி, அடகுச் சீட்டையும் கிழித்துப் போட்டாயிற்று. மிச்சம் ஒரு பலகாரப் பொட்டலம். திருட வந்தவன்தான் ஏமாந்திருப்பான். மறுநாள் திருவண்ணாமலையில் இறங்கியவர் பிற்பாடு ரமணர் ஆனார். ஆனால் இந்த முறையை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாது; துபாயில் இறங்குகிறவரிடம் பாஸ்போர்ட்டாவது இருக்க வேண்டும்.

அடி அண்ணாமலையே தூக்கத்துக்குப் பெயர்போன ஊரா என்று கேட்டால், நியாயமான கேள்வி. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அவருக்குக் கோயிலும் உண்டு. தூங்குகிற பெண்ணை வாசலில் நின்று எழுப்புகிற பாட்டு அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம், ஊதல், ஒலிபெருக்கி; ஊர்க்காரர்களுக்குக் கண்ணயர வழியில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை வந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலைக்கு நீட்டினார்கள். நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்து நாலு மணிக்குத் திரும்புகிற மாதிரி. நடுவில் எவனும் தூங்க மாட்டான் என்று ரயில்வேக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் கால் ஓய்ந்தவர்கள் எந்த மண்டபத்திலும், எந்தக் கடைவாசலிலும் துண்டை விரித்துச் சாய்கிறார்கள். ஒருவர் தூங்க ஒருவர் முழித்திருக்கிறார். நேரம் வந்தால் உலுக்கி எழுப்புகிறார். சென்னை விமான நிலையத்தார் 2022-ல் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு 'அமைதி விமான நிலையம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எழுப்ப ஆளில்லாத இடத்தில் நாங்களும் எழுப்ப மாட்டோம் என்று சொல்வதற்கு இப்படியும் ஒரு பெயர்.

கடைசியில் சொல்வதாகச் சொன்ன அந்த ஒரே வழிக்கு வருகிறேன். அதற்கு முன் கைப்பிடியைப் பற்றி ஒன்று விட்டுப்போய்விட்டது. இப்போது புதிதாக வருகிற கைப்பிடிகளில் சார்ஜ் ஏற்றும் துளையும் வைத்துவிடுகிறார்கள். வயரைச் செருகி, கைபேசியை அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து விடிய விடிய அதற்குக் காவல் இருக்கலாம்.