ஏழு பேரும் ஒரு விளக்குமாறும்

கே: நற்பணி மன்றம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?
(இளைஞர், கீழக்குயில்குடி)

ப: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்பது ஏழு பேர். அந்த ஏழு பேரில் எட்டுப் பேர் தலைவர் பதவிக்கு நிற்பார்கள். அதற்குச் சட்டத்தில் வழியில்லை.

கே: 'ரோட்டரி' என்று ஏன் பெயர்?
(பசுமலை வாசகர்)

ப: 1905 பிப்ரவரி 23 அன்று, சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று பேரோடு தொடங்கினார். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடினார்கள். அதனால் 'சுழல்' சங்கம். நம்மூர்ச் சங்கங்களிலும் எல்லாம் சுழலும், பொருளாளர் கையில் உள்ள பீரோ சாவியைத் தவிர.

கே: அவர்களுடைய முதல் பொதுப்பணி என்ன?
(மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

ப: சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்டச் சொல்லி அலைந்தது. சிரிக்காதீர். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அவசரத்துக்கு ஒதுங்க இடம் தேடியவரைக் கேளும். அதுதான் மகேசன் சேவை என்பார்.

கே: லயன்ஸ்காரர்கள் கண் முகாமிலேயே கண்ணாக இருக்கிறார்களே?
(துவரிமான் வாசகர்)

ப: 1925 மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்குத் துணை நிற்கச் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார், நூறு வருஷமாகச் செய்கிறார்கள். உம் வீட்டில் ஃபியூஸ் போன பல்பை மாற்றச் சொல்லி எத்தனை தடவை ஆயிற்று?

கே: மதுரையில் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக வளர்ந்தது எது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விளாச்சேரி)

ப: அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் வெறும் பதினோரு படுக்கை. தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்தவர். ஓய்வு பெற்றால் நாம் பென்ஷன் ஆர்டரைத் தேடுவோம். அவர் வேலையைத் தேடிக்கொண்டார்.

கே: மன்றத்தில் பெண்களைச் சேர்க்கலாமா?
(மகளிர் குழு, வடிவேல்கரை)

ப: ரோட்டரிக்கு அந்த ஞானம் பிறக்க, 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையில் குட்ட வேண்டியிருந்தது. அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் 1917இலேயே தொடங்கியாயிற்று. ஆகவே தாயே, ஆண்களைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கூடி முடிவெடுங்கள்.

கே: நிதிக்கு எங்கே போவது?
(டீக்கடைக்காரர், அச்சம்பத்து)

ப: கடைக்கு வந்துவிடுவார்களோ என்ற பயம்தானே? மதுரையில் 1997இல் பிறந்த தானம் அறக்கட்டளையின் களஞ்சியக் குழுக்களைக் காட்டும். பெண்கள் தங்கள் சேமிப்பிலிருந்தே கடன் கொடுத்து வாங்குகிறார்கள். பெயரில்தான் தானம், பழக்கம் சிக்கனம்.

கே: ட்யூப் லைட்டில் 'உபயம்' எழுதுவது தப்பா?
(கோயில் கமிட்டி உறுப்பினர், கீழக்குயில்குடி)

ப: உங்கள் ஊர்ச் சமணர் மலையில், செட்டிப்புடவில் பாரும். சிற்பம் செய்வித்தவர் பெயர் ஆயிரம் வருஷமாக வட்டெழுத்தில் நிற்கிறது. அங்கே சிற்பம் பெரிது, பெயர் சிறிது. உம் லைட்டில் எழுத்துக்கு நடுவே வெளிச்சம் மூச்சு வாங்குகிறது.

கே: சரி, எங்கள் மன்றத்தின் முதல் வேலை?
(மறுபடியும் அதே இளைஞர்)

ப: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நான்கு தானங்களைச் சமணர் அன்றே வகுத்துவிட்டார்கள். அந்த நிரலில் தலைவர் உரை இல்லை. அதெல்லாம் பெரிய வேலை. முதலில் மலையடிவாரத் தாமரைக் குளக்கரையில் கிடக்கும் பாலிதீன் பைகளைப் பொறுக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏழு பேர் போதும். வரும்போது விளக்குமாறு கொண்டு வரவும், சால்வை வேண்டாம்.