ஒரு மணி நேரக்காரர்

சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழித் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். சாலை வழியாகப் போனால் 460 சொச்சம். இடையிலுள்ள நாற்பதை மிச்சம் பிடித்ததையே பெரும் சாதனையாகக் கருதுபவர் ஒரு மணி நேரக்காரர். நிச்சயதார்த்தமோ, துக்க வீடோ, யாராவது மதுரை என்று வாயெடுத்தால் போதும், "ஃபிளைட்ல ஒரு மணி நேரம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

அவர் வகுத்தல் கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஏடிஆர் ரகச் சிறு விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 420 கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். ஆனால் விமானம் மேலேறவும் கீழிறங்கவும் வேண்டும். முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முன்னால் நிற்பவை கிளம்பக் காத்திருப்பதும் தனி. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்பது வரை கணக்கிட்டு, கையிருப்பாகச் சில நிமிடமும் சேர்த்து, விமான நிறுவனங்கள் ஒன்றேகால் மணி என்கின்றன. அந்தக் காலை இவர் தள்ளுபடி செய்துவிடுவார்.

வீட்டுக்கும் விமானத்துக்கும் நடுவில் கழியும் நேரமோ இவர் கணக்கில் ஏறுவதே இல்லை. மதுரையில் அக்காள் மகனுக்குக் கல்யாணம். மனைவி முந்தின இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிட்டார். இவர் விடிகாலையில் வில்லிவாக்கத்தில் டாக்சி பிடிக்கிறார். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டர் மூடிவிடும் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே மீனம்பாக்கத்தில் ஆஜர். பட்டு வேட்டிக்கு மேல் கட்டிய பச்சை பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்கிறார் காவலர். இரண்டு கையையும் தூக்கச் சொல்லும்போது ஒரு கைதான் உயர்கிறது. மற்றது வேட்டியின் மானத்தைக் காக்கிறது.

அதற்குள் போன். "மாமா, எங்க இருக்கீங்க? முகூர்த்த நேரம் நெருங்குது!"

"ஒரு மணி நேரத்துல அங்க இருப்பேன் மாப்ள!"

விமானம் இன்னும் வந்தே சேரவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே வீட்டு வாசலிலிருந்து மண்டப வாசலுக்கு ஐந்து மணி நேரம். தாமதமானால் வைகை எக்ஸ்பிரஸின் ஏழரையை எட்டிவிடும். கடைசிப் பந்தியில் பாயசத்தோடு இவர் மல்லுக்கட்டும்போது, மனைவி ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டார். "பறந்து வந்தேன்ல?" என்கிறார் இவர். அந்த அம்மாள் பதில் சொல்வதை விட்டு வெகுகாலமாகிறது.

இந்த இனத்தில் வெளிநாட்டு வகையும் உண்டு. சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்; பறப்பது நாலு மணி நேரம்; அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 8 மணிக்குச் சென்னையை விட்டால் அங்கே மத்தியானம் 2.30. திரும்பும்போது அங்கே 8 மணிக்கு ஏறியவர் இங்கே 9.30-க்கே இறங்கிவிடுகிறார். "வர்றப்ப ஒன்றரை மணி நேரந்தான். பைலட்டுக்கு வீட்டுக்கு வர்ற அவசரம்" என்பது இவர் கண்டுபிடிப்பு. நேர வித்தியாசத்தை அங்கிருக்கும் மகள் தாளில் எழுதியே காட்டினாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தெருமுனை டீக்கடையில் இன்றும் ஒன்றரைதான்.