புதிய இஞ்சின் பற்றிய ஊகங்களின் அளவையியல்: யாழ்ப்பாண மதகுகளை முன்வைத்து

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் இன்னும் விற்பனைக்கு வராத ஓர் இஞ்சின். ஆய்வுக்களம் யாழ்ப்பாணக் குடாநாட்டு மதகுகள். ஆய்வுமுறை, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு மதகில் இருத்தல். மாதிரிகளைத் தெரிவு செய்யும் சிரமம் ஏற்படவில்லை. மாதிரிகள் தாங்களாகவே சைக்கிளில் வந்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி கருத்துரைத்துவிட்டுப் போயின.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாதவை. 2024 மே மாதம் ரொயோட்டா நிறுவனம், சுபாருவையும் மஸ்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1.5 லீற்றரிலும் 2.0 லீற்றரிலும் புதிய நாலு சிலிண்டர் இஞ்சின்களைச் செய்வதாக அறிவித்தது. அவை உருவத்தில் சிறியவை, உயரத்தில் கட்டையானவை. அதனால் பொனற்றைத் தாழ்த்தலாம், காற்றும் வழுக்கிப் போகும் என்றது. 2025 சனவரியில் ரோக்கியோ ஓட்டோ சலூனில், ஜீ20ஈ என்று பெயரிட்ட 2.0 லீற்றர் ரேர்போ இஞ்சினை ஒரு யாரிஸ் காரில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்து, பரீட்சார்த்தக் கார் என்று காட்டியது. அந்த இஞ்சின் கடைசியில் எந்தக் காருக்குள் போகும் என்பதில்தான் உலகம் பிரிந்து நிற்கிறது. 2006இல் நின்றுபோன செலிக்கா திரும்பி வருமென்பது ஒரு கட்சி. 2007இல் நின்றுபோன எம்ஆர்2 வருமென்பது மறு கட்சி. வலு 400 குதிரை என்றொரு கதை இரண்டு கட்சியிலும் அடிபடுகிறது.

இதில் குடாநாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர் குடாநாட்டை அறியாதவர். இங்கே அதிவேகப் பாதை கிடையாது. வீடுவாசல் உள்ள இடத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில் 70 என்பது சட்டம். 400 குதிரையை 70ஆல் பிரித்தால், ஒரு கிலோமீற்றர் வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு குதிரை. அவற்றில் ஐந்து, சந்தி வெளிச்சம் மாறும்வரை சும்மா நின்று புல்லுத் தின்னும். இருந்தும், அந்தக் குதிரைகளின் எண்ணிக்கையைப் பற்றி உரும்பிராய்க்கும் கோப்பாய்க்கும் இடையில் நடக்கும் வாதம் ஜப்பானில் நடக்குமோ தெரியாது. களத்தில் திரும்பத் திரும்பக் கண்டதை ஒரு விதியாகவே சொல்லிவிடலாம்: ஊகத்தின் நுணுக்கம் வாங்கும் சக்திக்கு நேர்மாறு விகிதத்தில் அமையும். அந்தக் காரை உண்மையில் வாங்கக்கூடிய ஒருவர் மதகுக்கு வந்தால், நிறம் என்னவென்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். சைக்கிளுக்குச் செயின் மாற்றக் காசில்லாதவருக்கோ ரேர்போவின் விசிறி எந்த உலோகம் என்பதுவரை அபிப்பிராயம் உண்டு.

இந்த ஊகங்களை எடைபோடக் கோட்பாடு எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அதற்கும் வரி போட்டுவிடுவார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியார், ஒரு பொருளை உண்டென்று எப்படி அறிவது என்ற கேள்வியைத்தான் முதலில் எடுக்கிறது. அறியும் வழிகளைப் பத்தாக எண்ணிக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறது. அந்த நூலுக்கு உரை எழுதியவர்களில் ஒருவர் நம்முடைய திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர். பறங்கியர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டியிருந்ததாகவும், தம் முறை வருமுன் அவர் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனதாகவும் செவிவழி வரலாறு. போனவர் சிதம்பரத்தில் குளம் தோண்டினார். அது இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அரசாங்கம் கேட்டதைக் கொடுக்க மனமில்லாமல் நாட்டைவிட்டுப் போன யாழ்ப்பாணத்தவர் வரிசையில் அவரை முன்னோடியாகக் கொள்ளலாம். அவர் பிறந்த அதே திருநெல்வேலியில் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்து மதகுகளில் அளவையியல் இன்னும் உயிரோடிருப்பதில் வியப்பில்லை.

காண்டலில் இரண்டு நிலை. பெயர், இனம், குணம் எதுவும் தோன்றாமல் ஏதோவொன்று என்று மட்டும் தெரிவது நிருவிகற்பம். பெயரோடும் இனத்தோடும் தெளிவது சவிகற்பம். இதைச் சோதிக்க வல்லை வெளியைவிடப் பொருத்தமான இடம் குடாநாட்டில் இல்லை. அச்சுவேலிப் பக்கம் வீடுகள் முடிந்து, இரு பக்கமும் உப்புக்காற்றோடு வெட்டவெளி விரியும் அந்தத் துண்டில், பருத்தித்துறைக்குப் போகிற ஒன்று சர்ரென்று கடக்கிறது. "என்னவோ போச்சு" என்பது நிருவிகற்பம். "வெள்ளை ரொயோட்டா, சைலன்சர் மாத்தினது, நெல்லியடிப் பெடியன், போன மாதம் கனடாவில இருந்து வந்தவன், கலியாணம் சரிவரேல்லை" என்பது சவிகற்பம். இரண்டுக்கும் இடைவெளி அரைச் செக்கன். தூணோ ஆளோ என்று தடுமாறும் ஐயக்காட்சிக்கு நம்மவரிடம் இடமேயில்லை. ஒன்றை இன்னொன்றாகக் காணும் திரிபுக்காட்சிக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. கறுப்பு வெள்ளைக் கோடு ஒட்டி மறைத்த சோதனைக் காரின் படத்தைப் போனில் பெரிதாக்கி, பின் சில்லுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தைக் காட்டி, இஞ்சின் நடுவில்தான் என்று ஒருவர் நிறுவினார். அது போன் கண்ணாடியின் வெடிப்பு என்று பிறகு தெரிந்தது.

கருதலுக்கு வருவோம். புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பது தருக்க நூலார் எல்லோருக்கும் பொதுவான எடுத்துக்காட்டு. இந்த இடத்தில் யாழ்ப்பாணம் தருக்கத்துக்குச் செய்த திருத்தம் உலகம் இன்னும் அறியாதது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு, பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்குள் வராத ஆண்டுகளில், புகை கண்ட இடத்தில் மண்ணெண்ணெய் உண்டு என்று மாற்றி எழுதப்பட்டது. தெருவில் ஒரு கார் போய்ப் பத்து நிமிடம் கழித்தும் காற்றில் குப்பி விளக்கு மணம் நின்றால், ஒஸ்ரின் ஏ40 ஒன்று அவ்வழியே போயிருக்கிறது என்று கருதியறிந்தார்கள். கருதல் பிழைத்ததாக வரலாறில்லை.

ஏ40 என்ற பெயருக்கே காரணம் அதன் குதிரைவலு. 1947இல் வந்த டெவன் என்ற வகைக்கு 1,200 சிசி, நாலு சிலிண்டர், 40 குதிரை. மதகில் இன்று பேசப்படும் இஞ்சினின் பத்தில் ஒரு பங்கு. அந்த 40 குதிரையில் மாப்பிள்ளை, தோழன், பெரியதாய், சின்னதாய், வாழைக்குலை, பலகாரப் பெட்டி எல்லாம் ஊர்கோலம் போயின. பிறகு அது மண்ணெண்ணெயிலும் ஓடியது. அது ஓடியதற்குக் காரணம் வீரமன்று, பலவீனம். அந்தக் காலத்து இஞ்சின்களில் சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடிய இஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்ரனைத் தட்டி உடைக்கும். ஏ40 அந்தளவுக்கு அமுக்குவதில்லை, ஆகவே தட்டுவதுமில்லை. ஒரேயொரு சிக்கல், குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராற் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்துக் கமக்காரர் பேர்கசன் உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் எழுப்பி, அதற்கென்று விற்ற மலிவு எண்ணெய்க்கு மாற்றியது இதே முறைதான். அவர்களுக்கு அதைத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. எங்களுக்குக் கராஜ் செய்து கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், பிளக்கில் கரி பிடிக்கும் என்பதெல்லாம் அன்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஞ்ஞானம்.

அந்தப் பத்தில் ஒன்றான பொருள் என்ற அளவையும் இந்த ஆண்டுகளில்தான் செழித்தது. பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்வது அது. பெற்றோல் இல்லாத ஊரில் ஒருவரின் கார் புகையே இல்லாமல் ஓடினால் என்ன கொள்வது என்பதைச் சாட்சிகள் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்தப் பின்னணியில்லாமல் இன்றைய மதகு விவாதம் விளங்காது. போர் முடிந்த 2009க்குப் பின் வளர்ந்த இளைஞர், உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை குதிரை, நூறைத் தொட எத்தனை செக்கன். அவர்கள் பேசி முடியும்வரை மதகின் மறு நுனியில் வெற்றிலை மெல்லும் ஐயா பேசாமல் இருக்கிறார். பிறகு துப்பிவிட்டு ஒரு கேள்வி. "உது மண்ணெண்ணெயில ஓடுமோ?" இளைஞர் சிரிக்கிறார்கள். ஓடாது ஐயா, ரேர்போ, அமுக்கம் கூட, கம்பியூட்டர் விடாது. "அப்ப இங்க பிரிச்சுப் பூட்டேலுமோ?" அதுவும் ஏலாது. "அப்ப உதென்ன இஞ்சின்?" என்று அவர் எழும்பிச் சைக்கிளை எடுக்கிறார். வலுவைக் கொண்டு இஞ்சினை மதிப்பிடுவது ஒரு நெறி. எதைக் குடித்தும் உயிர் தரிக்குமா, திறந்தால் திரும்ப மூட முடியுமா என்பதைக் கொண்டு மதிப்பிடுவது இன்னொரு நெறி. பின்னையதைத்தான் யாழ்ப்பாண மரபு என்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க நான் முயலவில்லை.

மேலும், வேறு ஊர்களில் புதிய காருக்குத்தான் புதிய இஞ்சின் பற்றி ஊகிப்பார்கள். இங்கே பழைய காருக்கும் அது பொருந்தும். மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையே அதற்கு 1948 முதல் 918, 803, 948, 1,098 சிசி என்று நாலு வகை இஞ்சின் போட்டது. அதன்மேல் நம் நாட்டுக் கராஜ்கள் நிசான் இஞ்சினை ஏற்றின. ஆகவே ஒரு மைனர் படலைக்குள் வந்து நின்றால், உள்ளே இருப்பது ஆங்கிலேயனா ஜப்பான்காரனா என்பது பொனற்றைத் திறக்கும்வரை ஊகத்துக்குரியதே. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்கள் பற்றித் தனி நூல் எழுதலாம். சத்தத்தை வைத்தே இஞ்சினைச் சொல்லும் காதுகள் அந்தப் பாதையோரம் இன்னும் உண்டு. மின்சாரக் கார் வந்தால் அந்தக் காதுகள் என்ன செய்யும் என்பது வேறொரு ஆய்வுக்கு.

உரை என்னும் அளவை நம்பத்தகுந்தவர் வாய்ச்சொல். சித்தாந்தத்தில் அது ஆகமம். மதகில் அது கனடாவில், ஸ்காபரோவிலிருக்கும் மச்சான். அவர் வேலை செய்யும் இடத்துக்கும் கார் செய்யும் இடத்துக்கும் தொடர்பு, அவர் அங்கே காரில் போவது மட்டும். ஆனாலும் இரவு அவர் வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் காலையில் பிரமாணமாகிறது. எதிர்வாதம் வந்தால் "அவன் அங்கதானே இருக்கிறான்" என்பார்கள். அங்கே என்பது ஜப்பானில்லை என்று சுட்டிக்காட்டிய ஒருவர் அன்றிலிருந்து வேறு மதகுக்குப் போகிறார். ஐதிகம் இதற்குப் பக்கத்துக் காணி. இந்த ஆலமரத்தில் பேய் உண்டு என்பதுபோல வழிவழியாக வரும் சொல் அது. ரொயோட்டா இஞ்சின் சாகாது என்பது அவ்வகை. நிறுவனம் மறுக்கவில்லை, ஆகவே உண்மை என்பார்கள். இதை, இல்லாமையைக் கொண்டு அறியும் அபாவத்தில் சேர்ப்பதா குழப்பத்தில் சேர்ப்பதா என்று நான் முடிவு செய்யவில்லை.

எல்லா அளவையும் கடைசியில் வந்து முட்டுவது சிசியில். இலங்கையில் காரின் உற்பத்தி வரி சிசிக் கணக்கில். சிசி கூடினால் மொத்தம் மட்டுமன்று, ஒரு சிசிக்கான வரியும் படிப்படியாக ஏறும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் புதுக் காரே வராத நாட்டில் வரப்போகும் கார் பற்றிய அறிவு முற்றிப் பழுத்தது இயல்பே. ரோக்கியோவில் 1.5ஆ 2.0ஆ என்பது இழுவை பற்றிய கேள்வி. சுன்னாகத்தில் அது காணி விற்பது பற்றிய கேள்வி. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினார்கள் என்பதையும் மூத்தோர் மறக்கவில்லை. 400 குதிரைக்கு 20 லீற்றர் என்றால் குதிரைக்கு 50 மில்லி. மருந்துக் குப்பி அளவு.

எஞ்சியிருப்பது நடு இஞ்சின் கட்சியார் கவனிக்கத் தவறிய ஒரு பிரச்சினை. புதுக் கார் வந்தால் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, பொனற்றைத் திறந்து இஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். எம்ஆர்2 போல இஞ்சின் நடுவில் வந்தால் முன் பொனற்றுக்குள் வெறும் இடந்தான். பொட்டு எங்கே வைப்பது? இஞ்சின் இருக்குமிடமே முகம் என்பது ஒரு வாதம். முகம் முன்னால்தான், இஞ்சின் வயிறு என்பது மறுவாதம். இரண்டாம் கட்சிக்கு வலுவான சான்று ஓட்டோ: அதற்கு இஞ்சின் பின்னால், பொட்டு முன்னால், ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. முதற் கட்சியார் ஓட்டோவைக் காராக ஏற்க மறுத்தார்கள். தீராத பட்சத்தில் ஆகமம் அறிந்தவரிடம் போவதென்று முடிவாகி, எல்லோருமாகக் கோயில் ஐயரிடம் போனோம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "எத்தனை சிசி?" என்றார்.