பல்லைப் பிடிச்சுப் பாரு, மாப்ளே

சங்கரன்கோவில்ல கம்ப்யூட்டர் சென்டர் போடப் போறியாமே மாப்ளே. பத்து சிஸ்டம், ஒரு ஏசி, போர்டு எழுதக் கொடுத்தாச்சு, தேங்கா ஒடைக்க நாளும் குறிச்சாச்சு. உள்ள என்ன சாஃப்ட்வேர் போடணுங்கிறதுதான் பாக்கின்னு ஒங்கம்மை சொன்னா. பெரிய மச்சான் ஓப்பன் சோர்ஸத் தவிர வேற எதையும் தொடாதேங்கான். சின்ன மச்சான் துட்டு கொடுத்து வாங்கினதுதான் நின்னு பேசுங்கான். நடுவுல நீ கோட்டி பிடிச்சாப்ல முழிக்க. சரி, இந்த பிரஸ் மாமன்ட்ட வந்துட்ட. ஈய எழுத்து பொறுக்கிக் கொடை நோட்டீஸ் அடிச்ச கை இது. நேரான புத்தி யூடியூப்ல கொட்டிக் கிடக்கு. எங்கிட்ட கோணல் புத்திதான் இருக்கு, கேட்டுக்கோ.

மொதல்ல ஒரு சந்தேகம். கட்சி கட்டி நிக்கானுவளே ரெண்டு பேரு, அவனுவள்ல எவனாவது எந்த சாஃப்ட்வேருக்காவது மடியில இருந்து காசு அவுத்திருக்கானா? பெரியவன் லினக்ஸ் பென்குயின் படம் போட்ட பனியன் வாங்கினான், தெரியும். அந்தக் காசு பனியன் கம்பெனிக்குப் போச்சு. நன்கொடைன்னு ஒரு ரூவா கொடுத்ததில்ல, இந்த இடத்துல பிழை இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போட்டதில்ல. சின்னவன் லைசென்ஸ் மகிமைய மணிக்கணக்காப் பேசுதான். அவன் லேப்டாப்புல வலது மூலையில, விண்டோஸ ஆக்டிவேட் பண்ணுன்னு சாம்பல் நெறத்துல ஒண்ணு நிக்கே, அது என்னன்னு கேட்டேன். 'அது அப்படித்தான் மாமா இருக்கும்'ங்கான்!

நம்ம பக்கத்துல இதுல ரெண்டு கட்சி இல்ல மாப்ளே, மூணு. மூணாவது கட்சிக்குக் கொடி கிடையாது, மேடை கிடையாது, தொண்டர் மட்டும் தெருவுக்குப் பத்துப் பேரு. ஒம் மாமனார் அதுல மாவட்டச் செயலாளர். அவரு டிடிபி கடையில இல்லாத சாஃப்ட்வேர் உண்டா? எல்லாம் ஒரே சிடி. 'அண்ணாச்சி, இதெல்லாம் என்ன வெல?'ன்னு கேட்டா, 'சிடி 50 ரூவா, பஸ் சார்ஜ் தனி'ங்காரு. அவருட்டப் போயி ஓப்பன் சோர்ஸ்ல எல்லாம் இலவசம்னு சொல்லிப் பாரேன். 'இதும் அதான, இதுக்கு எதுக்கு அது?'ம்பாரு. லினக்ஸுக்கு நம்மூர்ல பெரிய எதிரி மைக்ரோசாஃப்ட்டு இல்ல, அந்த 50 ரூவா சிடிதான்.

இந்தப் பஞ்சாயத்து ரொம்பப் பழசு. 1976 பிப்ரவரியில பில் கேட்ஸுன்னு 20 வயசுப் பையன் ஒருத்தன் பகிரங்கமா ஒரு கடுதாசி எழுதினான். ஆல்டேர்னு ஒரு பெட்டிக்கு அவனும் கூட்டாளியும் பேசிக் மொழி எழுதி வித்துக்கிட்டிருந்தாங்க. துளை போட்ட காயித நாடாவுல வரும். ஒருத்தன் வாங்குவான், மத்தவனெல்லாம் நகல் எடுத்துக்கிடுவான். நீங்க செய்யுததுக்குப் பேரு திருட்டுன்னு பையன் நேராவே எழுதிட்டான். அவன் கேட்டதுல தப்பு என்ன இருக்கு? ராத்திரி பகலா எழுதினவனுக்கும் வயிறு இருக்குல்லா.

எதிர்க்கட்சி பொறந்த கத எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது காயிதம் சிக்கினதுல பொறந்தது. அமெரிக்காவுல எம்ஐடியில ரிச்சர்ட் ஸ்டால்மன்னு ஒருத்தர். அவுக லேபுல ஒரு பழைய பிரிண்டர் இருந்துச்சு. அதோட புரோகிராம இவரு திருத்தி வெச்சிருந்தாரு: காயிதம் சிக்கினா, அச்சுக்குக் காத்திருக்கவனுக்குத் தகவல் போயிரும், அவன் எந்திரிச்சு வந்து எடுத்து விடுவான். அப்புறம் ஜெராக்ஸ் கம்பெனி புது லேசர் பிரிண்டர் ஒண்ணு கொடுத்துச்சு. அதுவும் சிக்கும், ஆனா மூல நிரல் வரல, திருத்த வழியில்ல. நிரல் வெச்சிருந்த இன்னொரு காலேஜ் ஆளுட்டப் போயிக் கேட்டாரு. 'தர மாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்'னுட்டாரு அவரு. அந்தக் கோவம் மனசுலயே கிடந்து, 1983ல, நிரல எல்லாரும் பாத்துத் திருத்தலாங்கிற குனு திட்டத்த அறிவிக்க வெச்சுது. 1991ல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸுன்னு ஒரு மாணவன் லினக்ஸ் எழுதினான், பொறவு அது குனுவோட சேந்துக்கிட்டுது. எங்க பிரஸ்ல காயிதம் சிக்காத நாள் உண்டா? எனக்கு மெஷின்காரன ஏசத்தான் தெரிஞ்சுது, இயக்கம் ஆரம்பிக்கத் தெரியல.

தானம் கொடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. ஸ்டால்மன் கொடுத்த தானத்துல பல்லப் பிடிச்சுப் பாருன்னு சொல்லித்தான் மாட்டையே கொடுக்காரு. சொத்தப் பல்லா, நீயே புடுங்கிக்கோ. வேற கட்டணுமா, கட்டிக்கோ. அடுத்தவனுக்குக் கொடுக்கணுமா, கொடு. 1989ல அவரு எழுதின ஜிபிஎல் உரிமத்துல ஒரே நிபந்தனதான்: நீ கொடுக்கையில அவனையும் பல்லப் பாக்க விடணும். வெல கொடுத்து வாங்குத மாடு வாயத் தச்சு வரும். பாலு தரும், இல்லங்கல. வருசா வருசம் கட்டினாத் தரும்.

பெரிய மச்சான் இதக் கேட்டுத் தொடையத் தட்டுவான். தட்டட்டும். அவன்ட்ட நான் கேக்கது, பல்லப் பாக்க விட்டாங்களே, பாத்தது யாரு? எக்ஸ்இசட்டுன்னு ஒரு சின்ன நிரல், கோப்பச் சுருக்குதது. உலகத்துல பாதி சர்வர்ல கிடக்கும். அதக் கவனிச்சது ஒத்த மனுசன், சம்பளம் கிடையாது, மனசுக்கு முடியாமக் கிடந்தாரு. 'ஏன் லேட்டு, முடியலன்னா வேற ஆளுட்டக் கொடு'ன்னு முகந்தெரியாத ஆளுக ஏசிக்கிட்டே இருந்தாங்க. அந்த நேரத்துல ஜியா டான்னு பேரு வெச்ச ஒருத்தன் நல்ல பிள்ளையா வந்து, ரெண்டு வருசத்துக்கு மேல கூடமாட வேலை செஞ்சு, சாவிய வாங்கிக்கிட்டு, உள்ள திருட்டு வழி வெச்சுட்டான். 2024 மார்ச்சுல ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டுன்னு ஒருத்தரு, லாகின் அரை வினாடி லேட்டாகுதேன்னு நோண்டிப் பாத்துக் கண்டுபிடிச்சாரு. அரை வினாடி மாப்ளே! ஒம் மாமனார் கடை கம்ப்யூட்டர் ஆன் ஆகுததுக்குள்ள நான் ரெண்டு வெத்தில போடுவேன். நிரல் தெறந்து கிடந்ததாலதான் அவரால நோண்ட முடிஞ்சுது, அது பெரியவன் பக்க நாயம். அவரு அப்ப சம்பளம் வாங்கிக்கிட்டிருந்த கம்பெனி மைக்ரோசாஃப்ட், இதச் சொன்னா மட்டும் பெரியவன் மொகம் சுண்டிப் போகும். சொல்லிப் பாரு.

2014லயும் இதே கததான். ஓப்பன்எஸ்எஸ்எல்லுங்கிற ஓப்பன் சோர்ஸ் நிரல்ல ஹார்ட்பிளீடுன்னு ஒரு ஓட்டை. பேங்கு, கடை, மெயிலு எல்லாம் நம்பி இருந்த அந்த நிரலுக்கு அது வரைக்கும் நன்கொடைன்னு வந்தது வருசத்துக்கு ரெண்டாயிரம் டாலர் கணக்கு. கோடி கோடியா சம்பாதிச்ச கம்பெனியெல்லாம் அதத்தான் ஓசியில ஓட்டிக்கிட்டிருந்துச்சு. ஓசியில தின்னா ஏப்பம் மட்டும் பெருசா வரும்.

சின்னவன் சிரிக்க வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக்குன்னு ஒரு பாதுகாப்புக் கம்பெனி அனுப்பின ஒரு கோப்பு கோளாறாப் போயி, 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல மொகத்தக் காட்டிப் படுத்துருச்சு. அம்புட்டும் கைநெறையத் துட்டு கொடுத்து வாங்கினது. நம்ம ஏர்ப்போர்ட்டுல கையால போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தாங்க. எழுதின பிள்ளைக கையெழுத்த டிவியில பாத்தேன், பரவாயில்ல.

இப்ப எம் பிரஸ் கதைக்கு வாரேன். டிடிபி வந்த புதுசுல தமிழ் ஃபான்ட் பேக்கேஜ் ஒண்ணு வாங்கினேன், நெசமாவே துட்டு கொடுத்து. அதோட ஒரு டாங்கிள் தந்தாங்க. சிபியு பின்னாடி பிரிண்டர் சொருகுத எடத்துல மாட்டணும், அது இருந்தாத்தான் எழுத்து வரும். நாலு வருசம் ஓடுச்சு. ஒருநா டாங்கிள் செத்துப் போச்சு. போன் போட்டேன், மணி அடிக்கி, எடுக்க ஆளில்ல. கம்பெனியையே மூடிட்டாங்களாம். நாலு வருசம் நான் அடிச்ச கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டுமலர், எல்லாம் எங் கண் முன்னால கிடக்கு, எனக்கு வாசிக்க முடியல.

அது போகட்டும், ஊரே அடிச்ச பாமினி ஃபான்ட் மட்டும் என்ன வாழ்ந்துச்சு? பாமினியில 'அம்மா'ன்னு அடிச்சு, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தெறந்து பாரு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச்சுன்னு இங்கிலீஷுல பல்லிளிக்கும். கோப்புக்குள்ள தமிழே கிடையாது, ஃபான்ட் போட்ட வேசந்தான். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு வந்த பொறவுதான் அம்மா எங்க போனாலும் அம்மாவா நின்னா. நம்ம அரசாங்கம் 2010ல அதுக்கு ஆணை போட்டுச்சு. பக்கம் கட்டுத பேஜ்மேக்கர்காரங்களுக்கு அதும் கொடுத்து வைக்கல. 2001ல 7.0 வந்துச்சு, அதோட அடோபி நிறுத்திட்டான். எவனும் எடுத்து நடத்த முடியாது, நிரல் அவன் பெட்டியில. ஒம் மாமனார் இன்னமும் அதுலதான் கல்யாணப் பத்திரிகை அடிக்காரு.

இப்ப இதப் பாரு. 2010ல ஆரக்கிள், சன் கம்பெனிய வாங்குனான். கூடவே ஓப்பன் சோர்ஸான ஓப்பன் ஆபீஸும் அவன் கைக்குப் போச்சு. எழுதிக்கிட்டிருந்தவங்களுக்கு மொதலாளி மேல நம்பிக்கை இல்ல. அந்த வருசம் செப்டம்பர்ல நிரல எடுத்துக்கிட்டு வெளிய வந்து லிப்ரே ஆபீஸுன்னு பேரு வெச்சுட்டாங்க. பேருதான் ஆரக்கிளுக்குச் சொந்தம், நிரல எடுக்காதேன்னு ஒண்ணும் பண்ண முடியல. நான் டாங்கிளோட நின்ன நெலமைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நீ மெஷினுக்கு உள்ள போகுத வழிய மட்டும் விசாரிச்சுக்கிட்டு இருக்க. ஒங்கோப்போட வெளிய வர வழி எங்கன்னு கேளு. காசு கொடுத்து வாங்கினதுலயும் அது நல்லா இருக்கலாம். ஓசியில வந்ததுலயும் இல்லாமப் போகலாம்.

ஓப்பன் சோர்ஸுன்னு நெத்தியில பட்டை போட்டுக்கிட்டாப்ல எல்லாரும் சாமியார் இல்ல. சென்ட்ஓஎஸ் 8ன்னு ஒரு லினக்ஸ், 2029 வரைக்கும் ஓடும்னு நம்பி ஊர்ப்பட்ட ஆளு சர்வர் போட்டான். ஐபிஎம் வாங்கின பொறவு, அத நடத்தின ரெட்ஹேட் கம்பெனி 2020 டிசம்பர்ல வந்து, 2021ஓட முடிஞ்சு போச்சுன்னான். அல்மா, ராக்கின்னு ஆளுக மறுபடி கட்டிக்கிட்டாங்க, அது வேற கத. மைக்ரோசாஃப்ட்டுக்கு அப்ப தலைவரா இருந்த பால்மர் 2001ல லினக்ஸப் புத்துநோயின்னாரு. 2018ல அதே கம்பெனி, ஓப்பன் சோர்ஸ் ஆளுக பாதிப் பேரு குடியிருந்த கிட்ஹப்ப 750 கோடி டாலர் கொடுத்து வாங்குச்சு. நோய்க்கு இம்புட்டு வெலையா?

ஜெர்மனியில மியூனிக் நகராட்சி கதையும் பெரியவன் சொல்லுவான், பாதிக் கத. 2003ல லினக்ஸுக்கு மாறுதோம்னாங்க. பால்மர் பனிச்சறுக்கு லீவ விட்டுட்டு ஓடி வந்து மேயரப் பாத்தாரு, மசியல. 15,000 சிஸ்டம் வரை மாத்தினாங்க. 2017ல திரும்ப விண்டோஸுக்கே போகணும்னு தீர்மானம். மேயர் மாறினாரு, சிஸ்டம் மாறிச்சு. நம்மூர்ல 2011ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினியில விண்டோஸும் இருந்துச்சு, சென்னை சிடாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பாஸைத் தெறந்து காட்டச் சொல்லி எம் பேத்தியக் கேட்டேன். 'அதத் தொட்டா லேப்டாப் கெட்டுப் போகுமாம் தாத்தா, ஸ்கூல்ல சொன்னாங்க'ன்னா. சொல்லிக் கொடுக்க ஆளில்லாம எதக் கொடுத்தாலும் அப்படித்தான்.

சரி, ஒஞ் சோலிக்கு வா. பத்து சிஸ்டமும் பழசு வாங்குதன்னு கேள்விப்பட்டேன். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான கவனிப்பு முடிஞ்சுது, ஒம் பழைய மெஷின்ல முக்காவாசி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லன்னுதான் சொல்லும். அதுல லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போடு, பிள்ளைக தமிழ் டைப்பிங் படிக்க அது தாராளம். ஆனா ரெண்டு சிஸ்டத்துல துட்டு கொடுத்து விண்டோஸும் டேலியும் போட்டே ஆகணும். டேலி தெரியுமான்னுதான் பூமார்க்கெட் யாவாரி கேக்கான், கணக்கெழுத ஆளு வேணும் அவனுக்கு, ஸ்டால்மன் கொள்கை வேண்டாம். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததுல இருந்து அரசாங்கம் மாத்துத விதிய ஒக்காந்து ஒவ்வொண்ணாச் சேக்குத சலிப்பு பிடிச்ச வேல இருக்கே, அதச் சம்பளக்காரன்தான் தவறாமச் செய்வான். இஆர்பிநெக்ஸ்ட்டுன்னு மும்பைக்காரங்க ஓப்பன் சோர்ஸ்ல நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, அதுல ஜிஎஸ்டியும் உண்டு. சங்கரன்கோவில் பசார்ல அந்தப் பேரச் சொல்லிப் பாரு, மாத்திரைன்னு நெனப்பான்.

ஆஃப்செட்டுக்கு நாலு கலர் பிரிக்குத வேலையும் எடுக்கணும்னு ஆசப்படாத. படம் திருத்துத கிம்ப்புல அது இன்னும் எனக்குத் திருப்தி இல்ல. பக்கம் வடிவமைக்குத ஸ்கிரைபஸ்ல ரொம்பக் காலம் தமிழ்க் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமா நின்னுது, இப்பத்தான் சேந்து நிக்க ஆரம்பிச்சிருக்கு. அந்த வேலை எடுத்தே ஆகணும்னா, துட்டு சாஃப்ட்வேருக்கு வாடகை கட்டினாலும் தப்பில்ல. பெரியவன் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத.

எட்டு சிஸ்டத்துக்கு லைசென்ஸ் வாங்காம மிச்சமாகுத துட்டு இருக்குல்லா, அத ஏசிக்கு மேல ஏசி வாங்கி அழிச்சுராத. லிப்ரே ஆபீஸ்காரங்களுக்கு வருசத்துக்கு ஒரு தொகை அனுப்பு, ஆயிரமோ ரெண்டாயிரமோ. மெயில்ல ரசீது வரும். அத ஒம் மாமனார் பேர்ல வாங்கி, சட்டம் போட்டு, அவரு கடையில கல்லாவுக்கு நேர் மேல மாட்டு. வாறவன் போறவனெல்லாம், 'என்ன அண்ணாச்சி, சாஃப்ட்வேருக்குத் துட்டு கொடுத்தியளாமே, ஒடம்பு சரியில்லையா?'ன்னு கேக்கட்டும்.