கொழும்புக்குச் சும்மா போகும் மாஸ்டர்

கட்டைபறிச்சான் சந்தியில் நின்று "நாளைக்குக் கொழும்புக்குப் போறன்" என்று சொல்லிப் பாருங்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். காரணத்தை அவர்களே எடுத்துத் தருவார்கள். "பாஸ்போட் விசயமா சேர்?" "எம்பசியில கூப்பிட்டிருக்கா?" "மகன் வந்திறங்கிறாரோ?" கடைசியாக ஒருவர் சைக்கிளை விட்டிறங்கி, கிட்ட வந்து, குரலைத் தணித்து, "மஹரகமவுக்கா?" என்பார். மஹரகமவில் இருப்பது புற்றுநோய் ஆஸ்பத்திரி.

"இல்லத் தம்பி, சும்மாதான். நாலு இடம் நடந்து, நல்லாச் சாப்பிட்டு, சித்திரம் கித்திரம் பாத்திட்டு வருவம் எண்டு…" என்கிறார் மாஸ்டர். சந்தி கேட்டுக்கொள்கிறது, நம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் நோய் எந்த உறுப்பில் என்பது வரை முடிவாகிவிடுகிறது. இரவு தோடம்பழப் பையோடும் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் ஆட்கள் படலையைத் திறந்து வருகிறார்கள். மாஸ்டர் மறுக்க மறுக்க நோய் முற்றுகிறது.

மாஸ்டருக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. கட்டைபறிச்சானில் ஒருவர், சேனையூரில் ஒருவர், கிளிவெட்டியில், தம்பலகாமத்தில் என்று இப்போது ஊருக்கொருவர் உருவாகி வருகிறார். முப்பது சொச்ச வருடம் படிப்பித்து ஓய்வூதியம் எடுப்பவர். ஒரு பிள்ளையாவது டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும். அந்தப் பிள்ளை தன் விடுமுறைக்கு லிஸ்பனுக்கோ பார்சிலோனாவுக்கோ போய், காலையில் ஆறுதலாகக் கோப்பி குடித்து, மத்தியானம் மியூசியம் பார்த்து, பின்னேரம் தெருத்தெருவாக நடந்த சுகத்தை அப்பாவும் அம்மாவும் ஒருதரம் அனுபவிக்க வேண்டும் என்று நினைக்கிறது. கொழும்பில் அறை பதிவாகிறது. கட்டிய காசு திரும்பி வராது என்று தெரிந்த பிறகுதான் மாஸ்டர் சம்மதிக்கிறார்.

ஊர்ச்சனத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியார மனிதன் கொழும்புக்குப் போனதெல்லாம் கக்கத்தில் பைலோடுதான். மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் பிடித்து, திருகோணமலையில் இரவு ரயில் ஏறி, கல்லோயாச் சந்தியில் பாதித் தூக்கம் கலைந்து, விடியக் கோட்டை ஸ்டேசனில் இறங்குவான். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு லொட்ஜ். யுத்த காலத்தில் போய் இறங்கியதும் முதல் வேலை குளிப்பதல்ல, பொலிஸ் பதிவு. என்ன அலுவலாக வந்தாய் என்ற கேள்விக்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு கடிதம் வேண்டும், கடிதத்துக்குக் கிராம சேவகரின் முத்திரை வேண்டும். "சும்மா வந்தனான்" என்று சொன்னவன் அன்றிரவு எங்கே படுத்திருப்பான் என்பது அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். முத்திரை வைத்திருந்தவர்களுக்கும் உத்தரவாதம் இருக்கவில்லை. 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது.

ஆகவே மாஸ்டரும் பைல் கொண்டுபோகிறார். அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி மூன்று, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, ஓய்வூதிய அட்டை, வீட்டு உறுதியின் கொப்பி. சுற்றுலாவுக்கு வீட்டு உறுதி எதற்கு என்று மனைவி கேட்டால், "கேட்டா என்ன செய்யிற?" என்பார். யார் கேட்பார்கள் என்பது அவருக்கே தெரியாது. இதோடு வெள்ளவத்தைச் சொந்தங்களுக்கு மூதூர்த் தயிர் நாலு சட்டி, கருவாட்டுப் பொதி ஒன்று. இரவு பஸ்ஸில் அந்தப் பொதிக்கு அருகே இருந்து வந்த இளைஞன் தம்புள்ளையில் வேறு சீட் தேடிப் போனான்.

ஹோட்டலில் காலைச் சாப்பாடு இலவசம் என்ற செய்தி மாஸ்டரைக் கலக்கிவிடுகிறது. காசு கொடுத்துச் சாப்பிட்டால் அளவோடு சாப்பிடலாம். இலவசம் என்றால் மகனின் காசு வீணாகக்கூடாதே. பாற்சோறு, கட்டசம்பல், அப்பம், பாண், சொசேஜ், தர்ப்பூசணி எல்லாம் ஒரே கோப்பையில் ஏறுகின்றன. பக்கத்து மேசையில் ஒரு ஆங்கிலேயத் தம்பதி. எந்த ஊர் என்று அவர்கள் கேட்டதுதான் தாமதம், மாஸ்டர் ரொபர்ட் நொக்ஸை இறக்கிவிடுகிறார். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பல், 1660இல் பிடிபட்ட வெள்ளைக்காரர், கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடச் சிறை, 1679இல் தப்பியோட்டம், 1681இல் லண்டனில் வெளிவந்த புத்தகம். "உங்கட ஆக்கள் எங்கட இடத்துக்கு நாலு நாளைக்கெண்டு வந்து பத்தொன்பது வருசம் நிண்டிட்டுப் போனவங்கள்" என்று முடிக்கும்போது தம்பதியின் முட்டை ஆறிப்போயிருக்கிறது.

அடுத்தது நடை. மகன் வாட்ஸ்அப்பில் வரைபடம் போட்டு அனுப்பியிருக்கிறான்: ஓட்டோ வேண்டாம், நடந்தே பாருங்கள், அதில்தான் ஊர் தெரியும். மனைவிக்கு இது விளங்கவில்லை. "2006இல் சண்டைக்குள்ள வெருகல் தாண்டி வாகரை மட்டும் நடந்தம். அது காணாதாமா?" என்று கேட்டாள். அதற்கு மகனிடமிருந்து பதில் வர வெகுநேரம் எடுத்தது. வந்தது ஒரு சிவப்பு இதயம்.

மாஸ்டருக்கு நடக்கத் தெரியும், உலாவத் தெரியாது. கால் ஒரு திசையில் போனால் அந்தத் திசையில் ஓர் அலுவலகம் இருக்க வேண்டும், அது நாலேகாலுக்குப் பூட்ட வேண்டும். அதனால் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் கடலைப் பார்க்காமல் வேகமாகப் போகிறார். முடிவில் ஒன்றுமில்லை என்று கண்டதும் ஏமாந்து நிற்கிறார். கடைசியில் தனக்கென ஓர் அலுவல் கண்டுபிடிக்கிறார். கொழும்பின் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்துப் பிழைகளுக்குக் குறைவில்லை. மாஸ்டர் கொப்பி வாங்கி, சிவப்புப் பேனையும் வாங்கி, கடை கடையாகத் திருத்தத் தொடங்குகிறார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தவர்போல இப்போது அவருக்கு நடையில் ஒரு நிதானம் வந்துவிடுகிறது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அதே வெள்ளவத்தையில்தான் இருக்கிறது. அங்கே நூலகத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்து, மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்துடைய 'தோணி' இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் எழும்புகிறார். 1962இல் சாகித்திய பரிசு வாங்கிய புத்தகம், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் என்று பக்கத்தில் இருந்த பொடியனுக்கும் சொல்கிறார். பொடியன் காதில் செருகியிருந்த கருவியைக் கழற்றவே இல்லை.

சாப்பாட்டில் உச்சம், கோட்டைப் பகுதியில் உள்ள நண்டுக் கடை. ஒல்லாந்தர் காலத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் திருத்தி உணவகங்களும் கடைகளும் வைத்திருக்கிறார்கள். அதற்குள் 2011இல் தொடங்கியது 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்'. சமையல்காரர் தர்ஷன் முனிதாசவோடு கிரிக்கெட் புகழ் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் கூட்டு. மாஸ்டர் மேசைக்குக் காத்திருக்கும்போது ஊரிலிருந்து மைத்துனர் அழைக்கிறார். "எங்க மச்சான் நிக்கிறீங்க?" இரைச்சலில் மாஸ்டர் உரத்துச் சொல்கிறார்: "ஆஸ்பத்திரியிலதான். இன்னும் உள்ள கூப்பிடயில்ல." அன்றைக்கே கட்டைபறிச்சானில் மூன்று பேர் மகனுக்கு ஆறுதல் சொல்லித் தகவல் அனுப்பினார்கள்.

உள்ளே நண்டுகளை எடைப்படி வகுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு கிலோ நண்டுக்கு ஒரு பட்டமே உண்டு. மாஸ்டர் விலைப்பட்டியலைக் கண்ணாடி போட்டு வாசிக்கிறார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசிக்கிறார். பரிசாரகன் இவை களப்பு நண்டுகள் என்று பக்குவமாக விளக்கத் தொடங்க, பிறந்ததிலிருந்து களப்போரத்தில் வளர்ந்த மனிதன் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. "தம்பி, இத எங்கட பக்கத்தில முழங்கால் தண்ணியில நிண்டு கூடையில அள்ளுவாங்கள்" என்றார். "அப்ப அங்க போய்த் தின்னுங்க" என்று சொல்லாமல் சிரித்தான் பாருங்கள், அதற்குத்தான் அந்த விலை. மனைவி இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. மிளகு நண்டின் காலை உடைத்து உறிஞ்சி, சாற்றைப் பாணில் தொட்டு, கடைசித் துண்டு வரை சாப்பிட்டு, விரலைக் கழுவிக்கொண்டு, "உப்புச் சரி" என்றாள்.

கலைக்கு ஒருநாள் ஒதுக்கியிருந்தார்கள். 1877இல் திறந்த தேசிய நூதனசாலையில் மாஸ்டர் பொலன்னறுவை வெண்கலச் சிலைகளைக் கும்பிட்டுக்கொண்டே வேகமாகக் கடந்து, மும்மொழிக் கல்வெட்டில் போய் நின்றுவிட்டார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டுக்குரியது, 1911இல் காலியில் அகப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைப் பட்டியல். மாஸ்டர் அந்தத் தேய்ந்த எழுத்துகளைச் சிவப்புப் பேனையை நீட்டிக்கொண்டு வாசிக்க முயன்றதில் காவலாளி பதறி ஓடிவந்தார். "சீனாக்காரன் அறுநூறு வருசத்துக்கு முன்ன தமிழில அறிவித்தல் போட்டிருக்கான் தம்பி, நீங்க மலசலகூடத்துக்கு ஒழுங்கா எழுதமாட்டீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். காவலாளிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

பாண்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் நிறுவனம். 1943இல் சேர்ந்த '43 குழுவின் படங்கள் சுவர் முழுக்க. அமைதியான பழைய வீடு. கொழும்பில் நான் யாருக்கும் சிபாரிசு செய்யக்கூடிய இடம் அதுதான். மாஸ்டர் ஒவ்வொரு படத்தின் முன்னும் கை கட்டி நின்று, வரைந்தவர் யார், எந்த ஆண்டு என்று கொப்பியில் குறித்தார். படத்தைப் பார்த்தது குறைவு. ஜோர்ஜ் கீற்றின் பாணியில் முகம் பக்கமாகவும் கண் நேராகவும் இருப்பது அவருடைய சித்திரபாட அறிவுக்கு ஒத்துவரவில்லை. மனைவி ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். "இவ ஆரையோ பாத்துக்கொண்டிருக்கா. வாறன் எண்டவன் வரயில்ல. கோவம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். அதுதான் முகம் ரெண்டாத் தெரியுது" என்றாள். மாஸ்டர் கொப்பியை மூடினார்.

உண்மையில் இந்தப் பயணத்தில் விடுமுறை எடுத்தவள் அவள் ஒருத்திதான். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கினாள். இறால்குழிக்குப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு அந்த வடையின் மேல் குந்தியிருந்த இறால் பொடிசாகத்தான் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் ஒன்று வாங்கினாள். கதிரைபோல் வசதியான கல் ஒன்றில் இருந்து பட்டங்களைப் பார்த்தாள். மாஸ்டர் அதற்குள் தேடிப்பிடித்துவிட்டார்: இந்த நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பின்வருவோர் பேண வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார். ஓடிவந்து மனைவிக்கு அதை விளக்கினார்.

"பொம்புளையளுக்கும் புள்ளையளுக்குமாமா?"

"ஓம்."

"அப்ப நீங்க கொஞ்சம் அங்கால போங்க. காத்து மறைக்குது."

ஊர் திரும்பியதும் சந்தியில் விசாரணை தொடங்கியது. "ரிப்போட் என்னவாம் சேர்?" என்றார்கள். நல்லாச் சாப்பிட்டோம், நடந்தோம், படம் பார்த்தோம் என்றார் மாஸ்டர். "சாப்பிட ஏலுதெண்டாப் பயமில்ல" என்று ஆறுதலாயிற்று ஊர். மாஸ்டர் இப்போது பின்னேரங்களில் பாலத்தடிவரை உலாவுகிறார். எதிரே வருகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் நின்று, "ஏறுங்க சேர், கொண்டுபோய் விடுறன்" என்கிறது. மறுத்தால் கோபிக்கிறார்கள். சிலநாள் வேறு வழியில்லாமல் ஏறிப்போய், போக வேண்டிய தேவையே இல்லாத சம்பூரில் இறங்கி, பஸ்ஸில் திரும்பி வருகிறார்.

மனைவியைப் பெண்கள் விசாரித்த விதம் வேறு. வடை என்ன விலை, காற்று எந்த நேரம் நல்லது, இருக்க நிழல் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். அடுத்த மாதம் மாதர் சங்கத்தார் வேன் பிடித்திருக்கிறார்கள். போகிற இடம் காலிமுகத்திடல் மட்டும். மாஸ்டர் வழிகாட்டியாக வருவதாகச் சொல்லி, மணிக்கணக்குப்படி நிகழ்ச்சிநிரல் எழுதி, வரைபடம், நூதனசாலைக் குறிப்பு, திருத்திய பெயர்ப்பலகைப் பட்டியல் எல்லாம் ஒரு பைலில் போட்டுக் கொடுத்தார். வேனில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பைலை வாங்கிக்கொண்டார்கள், தடித்த மட்டையாம், புல்லில் போட்டு இருக்க உதவும்.