பனி எடுக்கவா, போடவா?

"தம்பி, பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு 30 செக்கன்தான்" என்று தொடங்குகிற எந்த வேலையையும் இனிமேல் தொடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். தீர்மானம் நேற்று இரவு பதினொரு மணிக்கு எடுத்தது. கடை வாடகை ஞாபகம் வருகிறவரைக்கும் உறுதியாக இருக்கும்.

வந்தவர்கள் ஒரு தோட்டத்துத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள். தேர் பொகவந்தலாவை டவுனுக்கு வந்து திரும்பியதை ஆளாளுக்குப் போனில் பிடித்து, அத்தனையையும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். வட்ஸ்அப் அதைப் பிழிந்து சக்கையாக்கித் தந்திருந்தது. அம்மன் முகம் எது, பக்கத்தில் எரிகிற டியூப் லைட் எது என்று நான்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ்; போன்காரன் செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கிறான். இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை பட்டையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "அது என்னாங்க தம்பி, அம்மன் மேல கோடு ஓடுது?" என்று ஒருவர் கேட்டார். நான் ஹேர்ட்ஸ் கதையைத் தொடங்குவதற்குள், "அது சக்தி" என்றார் உபதலைவர். பிரச்சினை தீர்ந்தது.

தீராதது பெயர்ப்பட்டியல். 42 பேர். "எல்லாரு மூஞ்சியும் வந்துறணும். ஒரு ஆளு விடுபட்டுச்சுன்னா அடுத்த வருசம் திருவிழாவே நடக்காது."

கணக்குப் போட்டுக் காட்டினேன். நான் வெட்டுவது செக்கனுக்கு 25 பிரேம். 30 செக்கனுக்கு 750. அம்மனுக்கு 5 செக்கன், தேருக்கு 5 செக்கன் கொடுத்தால் மிச்சம் 500 பிரேம். அதை 42 ஆல் வகுத்தால் தலைக்கு 12 பிரேம்கூட இல்லை. அரைச் செக்கன். பார்க்கிறவர் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினால் ஒரு உபதலைவர் போய்விடுவார். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு பொருளாளர் சொன்னார்: "எனக்கு மட்டும் ஒரு செக்கன் கூட்டிப் போடுங்க. காசு குடுக்கிறது நான்தான்."

அதுகூடப் பரவாயில்லை. அந்த வீடியோக்களில் ஒன்றே ஒன்று அருமையாக விழுந்திருந்தது. தப்புச் சத்தம். அடித்தவர்கள் அதே தோட்டத்துப் பையன்கள். அடி விழுகிற இடத்தில் கட் விழுந்தால் போதும், மற்றதைத் தாளமே பார்த்துக்கொள்ளும். படம் வெட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சீதனம் கிடையாது. கமிட்டி சொன்னது: "அந்தச் சத்தத்த எடுத்துட்டு, இப்ப எல்லாரும் போடுறாங்களே, அந்தப் பாட்டப் போட்டுருங்க." எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள். இதைப் படிக்கும்போதே அது உங்கள் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, அதை விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. மேக்கணக்கில் ஒரு பையன் இருக்கிறான். ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீடியோ எடுக்கிறேன் என்று திரிகிறவன். "நல்ல ரீல்ஸ் செய்றதுக்கு என்ன ரகசியம்ணே?" என்று கேட்டான். ரகசியம் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் பனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குப் பனி என்றால் காயாத துணி. மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கினால் கெசல்கமு ஓயாப் பக்கமிருந்து எழும்பி, தேயிலை நிரை நிரையாக மேலே ஏறி, லயத்துக் கூரைத் தகரத்தை மூடி, பெரட்டுக்களத்தில் நிற்கிறவர்களை இடுப்புக்கு மேலே அழித்துவிட்டுப் போகும். ஆகவே கல்யாண வீட்டார் கடைக்கு வந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "அந்தப் பனிய மட்டும் எடுத்துருங்க."

எடுக்கலாம். டீஹேஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வலது பக்கம் இழுத்தால் பனி விலகும். கூடவே மாப்பிள்ளை கறுப்பார். மாப்பிள்ளையை வெளுத்தால் பெண் சுவரோடு சேர்ந்துவிடுவார். பெண்ணைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்து, மாப்பிள்ளையைப் பாதி வழியில் நிறுத்தி, பனி போன இடத்தைப் பார்த்தால் அங்கே வானம் என்று ஒன்றுமில்லை, சாம்பல். "கொஞ்சம் நீலமா போட்டுவிடுங்களேன்." போட்டேன். வெள்ளை மேகத்தோடு நல்ல நீல வானம். இப்போது அந்த நீல வானத்துக்குக் கீழே அறுபது பேர் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "கொடைய எடுத்துறலாமாங்க?" குடையை எடுத்தால் குடைக்காரர்களின் கை அந்தரத்தில் எதையோ பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே கையையும் எடுத்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் ஜெர்சி, மப்ளர், குல்லா சகிதம் உட்கார்ந்திருந்தார். வெயில் காய்கிற தோட்டத்தில் அவருக்கு மட்டும் மார்கழி. அவரை எடுக்கலாமா என்று நானே கேட்டேன். அவர் தாய்மாமனாம். எடுக்கக் கூடாது.

கடைசியில் தாலி கட்டுகிற இடம். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல வாயிலிருந்து புகை வருகிறது. குளிரில் எல்லோருக்கும் வருகிற மூச்சுதான். ஆனால் நீல வானத்தைப் போட்டபின் அது மூச்சாகத் தெரியவில்லை. ஐயர் சடங்குக்கு நடுவில் சிகரெட் பிடிப்பதுபோல இருந்தது. அதையும் பிரேம் பிரேமாகத் துடைத்தேன். அந்தக் கல்யாணம் இப்போது சுவிட்சர்லாந்தில் நடந்திருக்கிறது. பெண் வீட்டாருக்கு ரொம்பத் திருப்தி.

இது எடுக்கிற கதை. இனிப் போடுகிற கதை.

கொழும்பிலிருந்து ஒரு ஜோடி ப்ரீஷூட்டுக்கு வந்தது. பெப்ரவரி. மலை சுத்தமாகக் கழுவித் துடைத்தமாதிரி பளிச்சென்று வெயிலில் கிடந்தது. நானாக இருந்தால் குலசாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பேன். அவர்களுக்கு முகம் வாடிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்தும் மிஸ்ட்டே இல்லையே அண்ணா." ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் என்று ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். வெறுங்கையோடு அனுப்ப மனம் வருமா? பனி போட்டேன். அந்தப் பனி யாரோ எங்கேயோ கறுப்புத் திரைக்கு முன்னால் புகைவிட்டு எடுத்தது. இடமிருந்து வலமாகப் போகும். நம் ஊர்ப் பனி கீழேயிருந்து மேலே ஏறுவது. ஆகவே அதைச் சரித்துப் போட்டேன். ஏறியது, ஆனால் ஈர விறகு வைத்த அடுப்பிலிருந்து ஏறுகிறமாதிரி ஏறியது. தேயிலை இலையெல்லாம் வெயிலில் மினுங்க, அதற்கு மேலே புகை. "சூப்பர் அண்ணா, அப்படியே நேச்சுரலா இருக்கு" என்று பதில் வந்தது.

அந்த ஜோடிக்குப் பின்னணியில் கொழுந்தெடுக்கிற ஒரு அக்காவும் தேவைப்பட்டார். அக்காவும் நின்றார், தலைக்கூடையோடு, சிரிக்கச் சொன்னபோது சிரித்துக்கொண்டு. ஒரு தரம், இரண்டு தரம், ட்ரோன் ஏறி இறங்கி மறுபடி ஏறி. கடைசியில் என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏந்தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்? கொழுந்து நிறுக்க வந்துருவாங்க. கிலோ கொறைஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க." மாப்பிள்ளை கொடுத்த காசை வாங்கிக்கொண்டார் என்றாலும் அந்தச் சிரிப்பை ஸ்லோமோஷனில் இழுக்கும்போது எனக்கு எரிச்சல் மூக்குவரை வந்தது. கடைசியில் நான் போட்ட பனி அடர்த்தியாகிப் போய் அக்கா பாதிக்கு மேல் மறைந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

ஆக, ஒரே மேசையில், ஒரே மவுஸில், ஊர்க்காரருக்குப் பனி எடுக்கிறேன், வெளியூர்க்காரருக்குப் பனி போடுகிறேன். எடுப்பதுதான் முதுகொடிகிற வேலை. போடுவது இரண்டு நிமிஷம். காசு தருகிறவர் போடச் சொல்கிறவர். பேரம் பேசுகிறவர் எடுக்கச் சொல்கிறவர். எடுத்ததைச் சேர்த்துவைத்து இவர்களுக்கு விற்க ஒரு வழி இருந்தால் நான் இந்நேரம் நுவரெலியாவில் பங்களா வாங்கியிருப்பேன். வாங்கியபின் அங்கேயும் பனி.

இந்தத் தொல்லையை முதலில் அனுபவித்தவர் எங்கள் ஊரிலேயே படுத்திருக்கிறார். ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. 48 வயதில் மகள் கொடுத்த கமராவைக் கையில் எடுத்தார். டார்வினையும் டெனிசனையும் உட்காரவைத்துப் படம் பிடித்தார். படமெல்லாம் கொஞ்சம் பனி மூடினமாதிரி, முகத்தின் ஓரம் கரைந்து இருக்கும். லண்டன் விமர்சகர்கள் போட்டுத் தாளித்தார்கள்: போகஸ் இல்லையாம். அம்மா மசியவில்லை. 1875இல் புருஷனோடு இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டம் இருந்தது. வரும்போது இருவருக்கும் சவப்பெட்டியையும் கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்வார்கள். அப்படித் திட்டம் போட்டு வேலை செய்கிற ஒரு கிளையன்ட் எனக்கு வாய்த்ததில்லை. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் காலமானார். அடுத்த வருஷம் கணவர். இருவரும் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர் படங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் அல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன, பனியை எடுக்காமல்.

அவர் காலத்தில் உட்காருகிறவர் நிமிஷக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அசைந்தால் படம் கெட்டது. இப்போது திரையில் ஆள் அரைச் செக்கன் அசையாவிட்டால் பார்க்கிறவரின் கட்டைவிரல் அசைந்துவிடுகிறது. டெனிசனாகவே இருந்தாலும் 12 பிரேம்தான். நோர்வூட் ரோட்டில் போகும்போது நான் தேவாலயப் பக்கம் ஒரு கும்பிடு போடுவது வழக்கம். பக்தி என்று நினைத்து பஸ்ஸில் பக்கத்து ஆளும் போடுகிறார்.

குறும்படம் வந்து உலகம் கெட்டது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. சினிமா பிறந்ததே அந்த அளவில்தான். 1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களும் ஏறக்குறைய 50 செக்கன் ஓடுகிறவை. அதில் ஒன்று: தோட்டக்காரன் குழாயில் தண்ணீர் பாய்ச்சுகிறான், பின்னால் ஒரு பயல் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நிற்கிறது, தோட்டக்காரன் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறான், பயல் காலை எடுக்கிறான். மீதியை நீங்களே சொல்வீர்கள். பாட்டு இல்லை, ஸூம் இல்லை, கமிட்டி இல்லை. யூடியூப்காரன்கூட 2024 ஒக்டோபரில் ஷோர்ட்ஸை 60 செக்கனிலிருந்து 3 நிமிஷமாக்கினான். இடம் தாராளமாகத்தான் இருக்கிறது. தோட்டத்து வாழ்க்கையைக் காட்ட வி.பி.கணேசன் 1975இல் 'புதிய காற்று' என்று ஒரு முழுநீளப் படமே தயாரித்து நடித்தார். நம்மாட்களுக்கு 30 செக்கன் போதுமாம், அதிலும் பாதிக்கு ட்ரோன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு இரவு படுத்தால் நானும் உங்களைப் போலத்தான். போர்வைக்குள் வெளிச்சம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு." பக்கத்தில் வீட்டம்மா ஒரு வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார், நான் அதே வீடியோவில் ஜம்ப் கட்டைக் கண்டுபிடித்து, "இந்த எடத்துல கதவு மூடியிருந்துச்சு, இப்ப தெறந்திருக்கு பாரு" என்பேன். இப்போதெல்லாம் அவர் திரும்பிப் படுத்துக்கொண்டு சிரிக்கிறார்.

போன வாரம் அந்த மேக்கணக்குப் பையன் ஒரு வீடியோ அனுப்பினான். லயத்துப் பொதுப் பைப்படி. அவன் தம்பி ரப்பர்க் குழாயால் வாளியில் தண்ணீர் நிரப்புகிறான். பின்னால் ஒரு சின்னப் பிள்ளை குழாயை மிதிக்கிறது. ஆமாம், அதேதான். லூமியேரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. கேட்டேன், அது என்ன போன் கம்பனியா என்றான். தண்ணீர் நின்றதும் தம்பி உடனே குழாயை உற்றுப் பார்க்கவில்லை. முதலில் பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்து, "ஏ பாட்டி, பைப்ப ஏன் மூடுன?" என்று கத்தினான். உள்ளேயிருந்து பாட்டி, ஆளே தெரியவில்லை, சத்தம் மட்டும், அரை நிமிஷத்துக்கு அவன் பரம்பரையையே இழுத்து ஏசுகிறார். கட் இல்லை. பையன் கமராவைத் தம்பி முகத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது முடிந்த பிறகுதான் தண்ணீர் மூஞ்சியில் அடிக்கிறது. நானாக இருந்தால் பாட்டியை நாலு செக்கனில் வெட்டியிருப்பேன், ஒரு 'டொய்ங்' சத்தம் போட்டிருப்பேன். ஜம்ப் கட் தேடக்கூட மறந்து, விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டம்மா எழும்பி, கரண்ட் பில்லா என்று கேட்டார்.

காலையில் அவனைக் கூப்பிட்டு, ரகசியத்தை இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவன், "அது பழசுண்ணே. இப்ப ஒரு டெம்ப்ளேட்ல போட்டுட்டேன், இன்னும் சோக்கா இருக்கு" என்று போனை நீட்டினான். பாட்டியைக் காணோம். மேலே நீங்கள் நினைக்கிற அதே பாட்டு. பைப்படியில் முழங்கால் அளவுக்கு வெள்ளையாக ஏதோ மிதந்தது.

"அது தானாவே பனி போட்டுக் குடுக்குதுண்ணே. ஃப்ரீ."

நான் அதற்கு 1,500 ரூபா வாங்குகிறேன்.