கொண்டை ஊசி வளைவில் கோழித்தூக்கம்: ஓர் ஆய்வு

1. களம்
போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் பெண்களை அடைத்துக்கொண்டு இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் போவது இவ்வழியேதான். ஓட்டுநர் நீங்கலாக வண்டியில் ஒருவரும் விழித்திருப்பதில்லை என்பதே இவ்வாய்வுக்குத் தோற்றுவாய்.

2. வரலாறு
பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் தூக்கம் கெட்ட ஆண்டு 1895 எனத் துணியலாம். மேற்கே ஓடி அரபிக்கடலில் படுத்துக்கொள்ள வேண்டிய பெரியாற்றைப் பொறியாளர் பென்னிகுக் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே எழுப்பிவிட்டார். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் கண்டது. வயலே வருடத்துக்கு இருமுறை எழுந்தால் வயலாள் எப்போது படுப்பது? நடவு ஓய்ந்த நாளிலோ மலை கூப்பிடுகிறது.

3. வகைப்பாடு
அ) கம்பித் தூக்கம்: நெற்றியை முன்கம்பியில் ஒப்படைப்பது. வளைவுக்கு ஒரு முட்டு வீதம் கூலி. தழும்பு விழுந்தவர் இத்துறையின் மூத்த அறிஞர்.
ஆ) தோள் தூக்கம்: வண்டி இடப்பக்கம் ஒடிந்தால் வலப்பக்கத்து அக்காவின் தோள் நமக்கு, அடுத்த வளைவில் நம் தோள் அவருக்கு. வட்டியில்லாக் கடன்.
இ) தூக்குவாளித் தூக்கம்: மடியிலிருக்கும் வாளியின் மூடியே தலையணை. சோறு சூடாயிருந்தால் கன்னத்துக்கு ஒத்தடம் இலவசம்.

4. நேர்காணல்
"தூங்குறீங்களாக்கா?"
"இல்ல தம்பி, கண்ணத்தான் மூடியிருக்கேன். பதினோராவது வளைவு வருது, கம்பியப் பிடி."
வந்தது. பிடிக்காத ஆய்வாளர் எதிர்வரிசை மடியில் போய் விழுந்தார்.

5. மறுப்பும் சமாதானமும்
பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர் வாக்கு. அக்கா படுப்பது பத்துக்கு. உலை வைக்க எழுவது மூன்றுக்கு. ஆக ஐந்து. மலையேற ஒரு மணி, இறங்க ஒரு மணி. கூட்டினால் ஏழு. மருத்துவம் பொய்க்கவில்லை, தவணையில் நிறைவேறுகிறது.

6. முடிவு
ஒரே ஐயம் எஞ்சியது. ஜீப்பு ஓடாத நாளிலாவது வீட்டில் நன்றாகத் தூங்கலாமே என்றேன்.
"படுத்துத்தான் பார்த்தேன். ஆட்டாம எப்படித் தம்பி தூக்கம் வரும்?"